வீட்டு வானிலை

நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பல் உண்டு. இதை எனக்குச் சொல்லுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கண்ணாடித் தொட்டியில் பதினோரு நத்தை வளர்க்கிறார், ஒவ்வொன்றுக்கும் தன்னைப் படுத்தியெடுத்த ஒரு தலைமையாசிரியரின் பெயரை வைத்திருக்கிறார். எந்தத் தலைமையாசிரியர் இன்று எவ்வளவு இலை தின்றார், எந்தத் தலைமையாசிரியர் மூடியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறார் என்று வாரத்துக்கு மூன்று முறை எழுதுகிறார். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அது என் வேலை. சம்பளத்துக்குத் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

வேலை இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தளம் ஆளாளுக்கு இலவசமாக வலைப்பூ திறந்து கொடுத்தது. ஊரில் பொழுது போகாத அத்தனை பேரும் போய் ஆளுக்கொன்று திறந்துகொண்டார்கள். இப்போது அந்தத் தளத்தை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது, பழைய குப்பையைக் கழிக்க வேண்டுமாம். அதற்காக மூன்று மாத ஒப்பந்தத்தில் இருபது பேரை எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி, ஐம்பத்திரண்டு வயது, ஏசிக்குப் பயந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு. ஒரு வலைப்பூவுக்கு ஒரு நிமிடம். கடைசிப் பதிவு இரண்டு வருஷத்துக்கு உட்பட்டதா, 'வை' பொத்தான். அதற்கும் பழசா, 'நீக்கு' பொத்தான். ஆபாசம், அவதூறு என்றால் 'புகார்'. இதைக் கம்ப்யூட்டரே செய்யாதா என்று முதல்நாளே கேட்டேன். பதிவு பழசாக இருந்தாலும் அதன் கீழே ஆட்கள் இன்னும் வந்து பேசிக்கொண்டிருந்தால் விட்டுவிட வேண்டுமாம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மனுஷர்கள் வேண்டுமாம்.

அப்படித்தான் எனக்கு இந்தக் கூட்டமெல்லாம் பழக்கமானது. ஒருவர் ஒன்பது வருஷமாகத் தன் தெருவிளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது என்று குறித்து வருகிறார். ஒருநாள் மூன்று நிமிடம் தாமதம், அதற்கு இரண்டு பத்தி வருத்தம். இன்னொருவருக்கு இடுப்புவலி. போகிற இடத்தில் உள்ள பொதுபெஞ்சுகளில் எல்லாம் உட்கார்ந்து பார்த்து, சாய்மானத்துக்கு மார்க் போடுகிறார். ஒரு பெண் தான் குடியிருந்த ஒவ்வொரு வாடகை வீட்டின் சமையலறையையும் நினைவிலிருந்து வரைகிறாள். அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சந்தேகம் வந்தால் படத்தை நிறுத்திவிட்டு, பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார்! பேனா மூடி மூடும்போது வரும் சத்தத்தை வைத்துப் பேனாக்களை வரிசைப்படுத்தும் ஆள்கூட இருக்கிறார்.

இவர்களிடம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்த எரிச்சல் என்ன என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தார்கள்? இவர்கள் வீட்டிலும் ஒரு பெண்டாட்டியோ புருஷனோ இருப்பார்கள்தானே. அவர்களிடம் இந்த நத்தையையும் பெஞ்சையும் சொல்லியிருக்கலாமே. என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். மகள் வேலைக்காக வெளியூர் போய் நாலு வருஷமாகிறது, அதன்பிறகு வீட்டில் பேசுவது நான் ஒருத்திதான். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லுவேன், பதில் வராது. இன்று என்ன ஆச்சு தெரியுமா என்று ஆரம்பிப்பேன், பாதிக் கதையில் எழுந்து போய்விடுவார். கத்தினால் மட்டும் ஒரு 'சரி' வரும். அந்தச் சரியும் எனக்கென்று வந்ததில்லை, அது தொழிலில் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் வேலையில் இரண்டு பேர். ஒருவர் மேலே மெஷின் ரூமில், ஒருவர் கீழே, லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில். மேலே இருப்பவர் "இறக்குறேன்" என்று குரல் கொடுத்தால் கீழே இருப்பவர் "சரி" என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். சரி வராமல் பெட்டியை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. முப்பது வருஷம் இதே வேலை. எங்கே எந்தக் குரல் கேட்டாலும் அவர் வாய் தானாகச் சரி சொல்லிவிடும்.

பத்து நாளைக்கு முன்னால் நான் முடிவெடுத்தேன். சாயங்காலம், அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று சொன்னேன்.

"இந்த வேலை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்கப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போறேன். ஒரு வாரம் பத்து நாள் இருந்துட்டு வர்றதுக்கு இல்ல. போயிடறேன். இருபத்தேழு வருஷம் சுவத்தோட பேசியாச்சு, தொண்டை வத்திப்போச்சு. உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

துணியைப் பிழிந்தார். திரும்பவில்லை.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். இருபத்தேழு வருஷத்துக்கு ஒரு சரி. அன்று ராத்திரியே பெட்டியைக் கீழே இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டி இரண்டு முறை போனார். ஒருமுறை கீழே விழுந்த புடவையை எடுத்து மடித்தும் கொடுத்தார். இவ்வளவு அவசரமா என்னை அனுப்ப?

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதுவரை நான் அழவில்லை, இனியும் அழுவதாக இல்லை என்று பிடிவாதமாக இருந்தேன். இந்த வியாழக்கிழமை, அதாவது வேலை முடிய ஒருநாள் பாக்கி, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் அடுத்த வலைப்பூ வந்தது. பெயர் 'வீட்டு வானிலை'.

பெயர் எனக்குப் புதிதல்ல. இந்தப் பொழுதுபோக்குக் கூட்டம் முழுவதும் ஒருவரையொருவர் படிக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் 'நான் படிப்பவை' என்று பட்டியல் போட்டிருப்பார்கள். தெருவிளக்குக்காரர் பட்டியலில் வீட்டு வானிலை இருந்தது. நத்தை ஆசிரியை பட்டியலிலும் இருந்தது. பெஞ்சுக்காரர் அதற்குப் பக்கத்தில் நட்சத்திரமே போட்டிருந்தார். மாடியில் டப்பா வைத்து மழை அளக்கும் ஆள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். திறந்தேன். மேலே கொட்டை எழுத்தில், 'இங்கே மழை அளக்கப்படுவதில்லை' என்றிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்திய முதல் பதிவுக்குப் போனேன்.

'காலை 6.40. இடி. காரணம்: கட்டிலின் மேல் ஈரத் துண்டு. "கட்டில் என்ன துணிக்கொடியா? அடுத்து தலைகாணிக்குக் கிளிப் மாட்டுவீங்களா?" நீடித்த நேரம் நான்கு நிமிடம். சேதம் இல்லை.'

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவதி வீட்டில் இப்படி ஒரு ஜென்மத்தை வைத்துக்கொண்டு படாதபாடு படுகிறாள் என்று அந்த முகம் தெரியாதவள் மேல் பாசமே வந்தது. அடுத்த பதிவு.

'மாலை. வானம் கறுத்திருக்கிறது. காரணம் தெரியவில்லை, கேட்கப் பயம். 7.15க்கு வெடித்தது. "மத்தவங்க வீட்டு லிஃப்டை எல்லாம் மேல ஏத்துற மனுஷனுக்கு ஒரு டம்ளரைக் கீழ எடுத்து வைக்கக் கை வராதா?" சுருக்கமான மழை. அருமையான மின்னல்.'

சிரிப்பு பாதியில் நின்றது. இது நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. அதன் கீழே ஒரு படம் வேறு: ஒழுகும் சமையலறைக் குழாய், அதன் கழுத்தில் சுற்றிய மஞ்சள் துணி. என் பழைய நைட்டியைக் கிழித்துச் சுற்றிய துணி.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பதினோரு வருஷம்! நான் சுவர் என்று நினைத்த ஆள் என்னைக் குறிப்பெடுத்திருக்கிறார். மற்றவர்கள் பேனாவும் பெஞ்சும் சேர்ப்பதுபோல இவர் என் வசவைச் சேர்த்திருக்கிறார், தேதி, நேரம், நீளம் போட்டு. நானூறு பேர் படிக்கிறார்கள். எனக்கு அவர் வைத்த பெயர் 'வானம்'. கீழே பின்னூட்டங்கள்: 'இன்று வானம் உச்சம்!' 'தலைகாணிக் கிளிப்பை என் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், என் மகன் சிரித்தான்.' நத்தை ஆசிரியை எழுதுகிறார், 'அம்மாவின் சொல்வளம் எங்கள் பள்ளியில் யாருக்கும் இருந்ததில்லை.' மானம் கப்பலேறிவிட்டது. வீட்டில் எனக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை, ஊருக்கு மட்டும் இவ்வளவு எழுத்து!

'புகார்' பொத்தானை அமுக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'தனிநபரை இழிவுபடுத்துதல்'. குறிப்பு என்ற இடத்தில், 'எழுதியவருக்கு வெட்கம் என்பது இருந்தால் நல்லது' என்று தட்டினேன். அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் டீம் லீடர் வந்து நின்றாள். இருபத்தாறு வயசுப் பெண். முதல்நாள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு, நான் பார்த்த பார்வையில் மேடமுக்கு மாறியவள்.

"மேடம், வீட்டு வானிலைக்குப் புகார் போட்டது நீங்களா?"

"நான்தான். ஏன்?"

"அது ரெண்டு நாளைக்கு முன்னாடிகூட எழுதியிருக்காங்க மேடம். 'வை'தான் வரணும். அதுவும் இழிவுபடுத்துறாருன்னு போட்டிருக்கீங்க…" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த வலைப்பூவை நான் ரொம்ப நாளாப் படிக்கிறேன் மேடம். அவர் அந்தம்மாவைக் கொண்டாடறாரு. இப்ப கொஞ்ச நாளா படிக்கவே கஷ்டமா இருக்கு, பாவம். கடைசியில இருக்குறதெல்லாம் பாத்தீங்களா?"

"ஒரு நிமிஷத்துல நான் எதைப் பாக்குறது?"

"உங்க நிமிஷக் கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க படிச்சிட்டு மாத்திக் குடுங்க," என்று போய்விட்டாள்.

பாவமாம்! யார் பாவம்? குறையைக் கண்டுபிடித்தே தீருவது என்று போன வருஷத்துப் பதிவுகளைத் திறந்தேன். குறை உடனே கிடைத்தது. 'வானம் இன்று: "குடை எடுத்துக்கிட்டுப் போங்க, நனைஞ்சு வந்து தும்மினா நான் ராத்திரி தூங்க வேணாமா?"' என்று ஒன்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்தத் தேதி எனக்கு நன்றாக ஞாபகம், மகளுக்குப் பிறந்தநாள். நான் சொன்னது, "பெத்த பொண்ணுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட வாய் வராதா? நீங்க இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு." அது எங்கே? காணோம். அதற்குப் பதிலாக ஒரு குடை! அடுத்த மாதத்திலும் அப்படித்தான், நான் சொல்லாத வசவுகள். என்னைவிட நயமாக, என்னைவிடப் பாசமாகத் திட்டும் எவளோ ஒருத்தி. திருடியதுதான் திருடினார், ஒழுங்காகத் திருடக்கூடாதா என்று எனக்கு அதற்கும் கோபம்.

பிறகு இந்தப் பதிவு வந்தது. எட்டு மாதத்துக்கு முந்தியது.

'நண்பர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில மாதங்களாக இங்கே வருவது சுத்தமான பதிவு அல்ல. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை. முப்பது வருஷம் மோட்டார் பக்கத்தில் நின்றதற்குக் கூலி என்று டாக்டர் சொன்னார். வானம் பேசும்போது வாயைப் பார்த்துப் பாதி எழுதுகிறேன். மீதியை, இத்தனை வருஷம் கேட்டதை வைத்து என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்து எழுதுகிறேன். திரும்பி நின்று பேசினால் ஒன்றும் கிடைக்காது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவதை நிறுத்திவிடுவாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவாள். கம்பெனியிலும் சொல்லவில்லை. சொன்னால் லிஃப்ட் ஷாஃப்டுக்குள் விடமாட்டார்கள், எனக்கு வேறு வேலை தெரியாது.'

கீழே எழுபது பின்னூட்டம். டாக்டர் பெயர் சொல்கிறார்கள், காதுக்கருவி பற்றிச் சொல்கிறார்கள். 'வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள்' என்று தெருவிளக்குக்காரர் மட்டும் பதினைந்து முறை எழுதியிருக்கிறார். நத்தைக்காரிக்குத் தெரியும், பெஞ்சுக்காரருக்குத் தெரியும், இருபத்தாறு வயசு டீம் லீடருக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது வந்தது துக்கமா ஆத்திரமா என்று கேட்டால் ஆத்திரம்தான். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எத்தனை முறை "காது செவிடா?" என்று கேட்டிருப்பேன் நான். ஒருமுறையாவது ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

பத்து நாளைக்கு முந்திய தேதியைத் தேடினேன்.

'மாலை. வானம் எனக்குப் பின்னால் நின்று ஏதோ நீளமாகச் சொன்னது. திரும்பினால் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். சரி என்றேன். ராத்திரி பெட்டியை இறக்கித் துணி அடுக்குகிறாள். பழைய துணியைக் கழிக்கிறாள் போலிருக்கிறது. நானும் ஒரு புடவை மடித்துக் கொடுத்தேன். இன்றைய வசவு கிடைக்கவில்லை.'

இதை மூன்று முறை படித்தேன். நான் போகிறேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. அவர் சொன்ன சரியை வைத்துக்கொண்டு நான் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

அதற்கு மேலே ஒரே ஒரு பதிவுதான் இருந்தது, முந்தாநாள் எழுதியது.

'செவ்வாய். இது வானிலை அல்ல. இன்று மேலே இருந்து கூட்டாளி ஏதோ கத்தினான். பழக்கத்தில் சரி என்றேன். பெட்டி இறங்கிவிட்டது. கட்டைவிரலில் தோல் போனதோடு தப்பித்தேன். வானம் விரலில் போட்ட கட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசியது. வாயைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.'

அதன் கீழே தெருவிளக்குக்காரர்: 'ஐயா, இது விளையாட்டு இல்லை. கூட்டாளியிடம் இன்றே சொல்லுங்கள்.' அதற்கு இவர் பதில்: 'வியாழக்கிழமை ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை. அதை முடித்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.'

வியாழக்கிழமை. இன்று வியாழக்கிழமை! அவருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. ஏன் எடுக்கவில்லை என்று திட்ட வாயெடுத்து, ஏன் எடுக்கவில்லை என்று புரிந்து, கூட்டாளிக்குப் போட்டேன். சின்ன வயசுக்காரர், என்னை அக்கா என்பார். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்கக்கா."

"அவரு எங்க?"

"அண்ணன் கீழ பள்ளத்துல இருக்காரு. நான் மேல மெஷின் ரூம்ல. அவசரமா? இப்பத்தான் பெட்டியை இறக்குறேன்னு குரல் குடுத்தேன், சரின்னுட்டாரு. இறக்கிட்டு அவரைப் பேசச்…"

"இறக்காதீங்க!"

நான் கத்திய கத்தலில் எங்கள் ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"அவருக்குக் காது கேக்காது. நீங்க என்ன கேட்டாலும் அவரு சரின்னுதான் சொல்லுவாரு. புரியுதா? அவருக்குக் காது கேக்காது!"

"மெயின் சுவிட்சை அணைக்கிறேங்க்கா, லைன்லயே இருங்க," என்றார். பன்னிரண்டு மாடி படியிறங்கும் சத்தத்தை நான் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்க வாங்க ஒரு குரல் வந்தது. "வந்துட்டாருக்கா. பெட்டிக்கு நேர் கீழ குனிஞ்சு துடைச்சுக்கிட்டு இருந்தாரு. கையைக் காட்டிக் கூப்பிட்டு வெளிய ஏத்திட்டேன். எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகம்தான்க்கா. பெரியவரு, எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

பெரியவராம், கேட்கவில்லையாம். எல்லாரும் சேர்ந்து மரியாதை பார்த்தே அந்த ஆளைக் கொன்றிருப்பார்கள். டீம் லீடர் என் சால்வையையும் பையையும் எடுத்துக் கையில் கொடுத்தாள். "போங்க ஆன்ட்டி," என்றாள். நான் முறைக்கவில்லை. திரையில் அந்தப் புகாரை எடுத்துவிட்டு 'வை' என்று மாற்றிவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டாளியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு போனேன். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்கப் பளிங்கு. 'லிஃப்ட் பழுது' என்று பலகை வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போக வழியில்லாமல் நாலைந்து பேர் சாமான்களோடு நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாகத் தன் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டாளி என்னைப் பார்த்ததும் விலகித் தூரமாகப் போனார்.

"நீ எங்க இங்க?" என்றார் அவர். பெரிய குரல். கொஞ்ச நாளாக இந்தக் குரலைக் கேட்டு, என்மேல் எரிந்து விழுகிறார் என்று நான் மனசுக்குள் கணக்கு வைத்திருந்தேன்.

போனை எடுத்து வீட்டு வானிலையைத் திறந்து அவர் மூஞ்சிக்கு நேரே காட்டினேன். முகம் செத்துப்போயிற்று.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாமேவா?"

அப்போது ஆரம்பித்தேன். ஊரிலிருக்கிற நத்தைக்காரிக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லையா? உள்ளே குனிந்திருந்த நேரத்தில் பெட்டி இறங்கியிருந்தால் நான் யாரைக் கேட்பது? பதினோரு வருஷம் என்னை எழுதத் தெரிந்தவருக்கு ஒரு துண்டுச் சீட்டில், எனக்குக் காது கேட்கவில்லை என்று எழுதி அடுப்பு மேடையில் வைக்கக் கை ஒடிந்தா போயிற்று? அவர் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததோ புரியவில்லையோ, அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு திட்ட முடியவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்படியே வாயை மூடிக்கொண்டு போய் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்துவிட்டால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வீட்டில் சொல்லாமல் வைத்துக்கொண்டது போதும்.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போறதா இருந்தேன். திரும்பி வராம."

நெற்றி சுருங்கியது. "கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைப் போய் இதற்கா கேட்கவேண்டும்! கோபத்தில் ஒருமுறை சொல்வது சுலபம். அதையே நிதானமாக, வாயைத் திறந்து காட்டி, மறுபடி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். சொன்னேன். பத்து நாளைக்கு முன்னால் அவர் முதுகிடம் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்தமுறை புரிந்துவிட்டது. கட்டுப்போட்ட கட்டைவிரலைத் தடவிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"சரின்னு சொன்னீங்க."

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"பத்து நாளா," என்றார், "பத்து நாளா அந்தச் சரியை வெச்சுக்கிட்டா நீ எனக்குச் சமைச்சுப் போட்ட?"

நான் தலையை ஆட்டினேன். அழமாட்டேன் என்று வைத்திருந்த பிடிவாதம் அங்கே உடைந்தது.

"போகாத," என்றார். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பளிங்கில் மோதி எதிரொலித்தது. சாமான்களோடு நின்றிருந்தவர்கள் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன், முகத்தைச் சால்வையில் துடைத்துக்கொண்டே.

வாய் சால்வைக்குள் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. "போகாத," என்று இன்னும் சத்தமாகக் கத்தினார்.